மேற்கே சூலம்: ரவாங்கிலிருந்து கோலசிலாங்கூர் வரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் பயணம் கெட ஆரம்பித்தது. நிமிடம் வரை சொல்ல முடிவதற்குக் காரணம் இருக்கிறது. ஏழு மணிக்கு மோட்டாரில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் ஓமார் முன்பக்கம் நின்று கைப்பிடியைச் சுற்றி இஞ்சினை உறும வைக்கப் பத்து நிமிடம் பிடித்தது. அது உறுமிய அதே கணத்தில் சபாபதி பஞ்சாங்கத்தைத் திறந்தார்.

சபாபதி திருவாரூர்க்காரர். ரவாங் கடைத்தெருவில் பதினைந்து வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான் நாகப்பட்டினத்தில் பள்ளிக்கூட வாத்தியார். பூகோளமும் கணக்கும் சொல்லிக்கொடுப்பவன். மலாய் தெரியாது, ஊர் தெரியாது. இந்த ஊரில் யாரைப் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளை எழுதியிருந்த ஒரே பெயர் சபாபதி. மகள் இருக்கும் தோட்டம் வரை துணைக்கு வருகிறேன் என்று அவராகவே சொன்னார். நல்ல மனிதர். இதை இப்போதே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுத மனம் வருமோ என்னவோ. எல்லாம் நடந்து மூன்று நாள் ஆகியும் என் காதுக்குள் மணல் இருக்கிறது.

"நிறுத்து, நிறுத்து! வாத்தியாரய்யா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. மேக்க சூலம்!"

ஞாயிறும் வெள்ளியும் மேற்குத் திசைக்குச் சூலம். அன்று அந்தப் பக்கம் பயணம் கூடாது. கோலசிலாங்கூர் ரவாங்குக்கு மேற்கே இருக்கிறது. அதைத் தேசப்படத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் கப்பலேறினேன். கிழமையை மட்டும் பார்க்கவில்லை.

நான் சூலத்தை நம்புகிறவன் இல்லை. ஆனால் நம்பாமல் இருப்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும்; மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது அந்தத் தைரியம் எனக்கு வருவதில்லை. என் ஒரே மகள் கமலம், கோலசிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாகக் கணக்கெழுதும் மாப்பிள்ளையோடு இருக்கிறாள். ஏழாம் மாதம் நடக்கிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். எட்டாம் மாதம் பிறந்துவிட்டால் கர்ப்பிணி கடல் தாண்டக்கூடாது என்பது என் மனைவியின் தீர்ப்பு. எட்டு பிறக்கும் முன் ஊர் போய்ச் சேரக்கூடிய கடைசிக் கப்பல் வியாழக்கிழமை கிளம்புகிறது. கமலத்தை அதில் ஏற்றிவிட வேண்டும். நான் வந்த வேலை அவ்வளவுதான். "சூலம் பார்த்துக் கிளம்புங்கள்" என்று மனைவி துறைமுகத்தில் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

சூலத்துக்குப் பரிகாரம் உண்டு. மேற்கே போகிறவன் வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். நான் நிம்மதியாகச் சபாபதியைப் பார்த்தேன். மளிகைக் கடைக்காரர் அல்லவா?

"வெல்லம் இல்ல," என்றார். "கப்பல்ல வர வேண்டியது. இன்னும் வரல."

"அதோ கறுப்பாக அடுக்கி வைத்திருக்கிறீர்களே?"

"அது தென்னங்கருப்பட்டி. மலாய்க்காரங்க காய்ச்சறது. வெல்லம்னா கரும்புல வரணும்."

"இனிப்புத்தானே சபாபதி?"

"நம்மள நாம ஏமாத்திக்கலாம் வாத்தியாரய்யா. சூலத்த ஏமாத்த முடியுமா?"

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். ஊரை விட்டு வடக்கே கிளம்பி, மேலே வெகுதூரம் போய், அங்கிருந்து தெற்கே இறங்கினால் மேற்கே போன கணக்கில் வராது. எந்த முக்கோணத்தை எப்படிப் போட்டாலும் ஒரு பக்கமாவது மேற்கே சாய்ந்துதான் ஆக வேண்டும் என்று நான் விளக்கினேன். "அது வடமேக்கு. என் பஞ்சாங்கத்துல வடமேக்குக்குச் சூலம் போடல," என்றார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் பெட்டியைத் திறந்து திசைகாட்டியை எடுத்தேன். பள்ளிக்கூடத்துச் சாமான், தலைமையாசிரியரிடம் கேட்டுத்தான் எடுத்து வந்தேன். மனைவி கொடுத்தனுப்பிய துணிமூட்டை ஒன்று என் மடியில் கனமாக இருந்தது. அதன் மேல் திசைகாட்டியை வைத்தேன். எவ்வளவு குலுங்கினாலும் அசையாத நல்ல மேசை.

"செகு, எங்கே?" என்று கேட்டார் ஓமார். செகு என்றால் மலாயில் வாத்தியார். எனக்கு விளங்கிய முதல் மலாய்ச் சொல் அதுதான். முள் காட்டிய பக்கம் கையை நீட்டினேன்.

அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சபாபதியைப் பார்த்தார். "யா," என்றார்.

*

நல்ல சாலையை ஊர் எல்லையிலேயே விட்டுவிட்டோம். ஈயச் சுரங்கத்து வண்டிகள் போகும் தடத்தில் இறங்கினோம். வானம் மூடிக் கிடந்ததால் சூரியன் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எனக்கென்ன கவலை? மடியில் திசைகாட்டி. தடம் கொஞ்சம் வளைந்தால் நான் "வலது, வலது" என்பேன். சபாபதி அதை மலாயில் இரண்டு மடங்கு சத்தத்தில் சொல்வார். ஓமார் "யா லா, யா லா" என்று சொல்லித் திருப்புவார். நடுவில் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். புளிச்சோறு, எலுமிச்சை ஊறுகாய். ஓமாருக்கும் கொடுத்தோம். ஊறுகாயைத் தின்றுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒற்றைக் கண்ணாலேயே ஓட்டினார்.

பதினோரு மணிக்கு மரங்கள் முடிந்தன. அப்படித்தான் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் எதற்கும் முடிவு உண்டு, பச்சைக்கு இல்லை என்று கப்பலில் வரும்போது ஒருவர் சொல்லியிருந்தார். இங்கே பச்சை முடிந்து போயிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை மணல். மேடும் பள்ளமுமாக, அலை அலையாக, ஒரு புல் இல்லை. ஈயத்துக்காக மண்ணைத் தோண்டி, அலசி, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் போன இடம் என்று சபாபதி சொன்னார்.

இருபது வருடமாகக் கரும்பலகையில் மஞ்சள் சாக்கட்டியால் பாலைவனம் வரைந்திருக்கிறேன். அரபு தேசம் ஒன்று, ஆப்பிரிக்காவில் ஒன்று, நம் ராஜபுதனத்தில் ஒன்று. ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. தினம் மழை பெய்யும் மலாய் நாட்டில் வந்து பார்ப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரைப் பெஞ்சின் மேல் நிற்க வைத்திருப்பேன். சூடு அடியிலிருந்து ஏறியது. பாலைவனச் சோலைக்குப் பதில் பாசி பிடித்த குட்டைகள் இருந்தன. கானல்நீர் கூட இருந்தது. தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்தது.

"சபாபதி, அங்கே கப்பல் தெரிகிறதா?"

"தெரியுது."

"உங்களுக்கும் தெரிகிறதா?" என்றேன். எனக்கு உண்மையிலேயே பயமாகிவிட்டது.

அது கானல் இல்லை. ஈயம் வாரும் இயந்திரம். மூன்று மாடி வீடு அளவு இருக்கும். தானே தோண்டிய குளத்தில் தானே மிதந்துகொண்டு, சங்கிலியில் கோத்த வாளிகளால் மண்ணை முன்னால் தின்று பின்னால் துப்பிக்கொண்டு நிற்கிறது. மணல் நடுவே கப்பல் நின்று கத்துவதை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மோட்டாரின் பின்சக்கரங்கள் இரண்டும் அச்சு வரை இறங்கின.

ஓமார் இறங்கிப் பார்த்தார். நாங்களும் இறங்கிப் பார்த்தோம். மூன்று பேரும் தள்ளினோம். மோட்டார் இன்னும் கொஞ்சம் இறங்கியது. பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று ஓமார் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மணலில் வைத்தார். மனைவி கொடுத்த மூட்டையைத் தூக்கியவர் அதன் கனத்தைப் பார்த்து முகம் சுளித்து, திசைகாட்டியை அதன் மேலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார்.

முள் சுற்றியது. சுற்றி, வேறு பக்கம் போய் நின்றது.

மூட்டையின் அருகே கொண்டு போனேன். பழைய பக்கம் திரும்பியது. விலக்கினேன். மறுபடியும் சுற்றியது. ஓமார் ஒரு விரலால் மூட்டையைக் காட்டி, என்ன இருக்கிறது என்று சைகையால் கேட்டார்.

என்ன இருக்கும்? இரும்பு. கப்பலில் கமலத்தின் தலைமாட்டில் வைக்க. பிள்ளைத்தாய்ச்சி பக்கத்தில் இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாது என்று என் மனைவி வீட்டிலிருந்த இரும்பையெல்லாம் கட்டிக் கொடுத்திருந்தாள். பாக்குவெட்டி, பிடி இல்லாத அரிவாள், மாட்டு லாடம் இரண்டு, சாவி தொலைந்த திண்டுக்கல் பூட்டு. திசைகாட்டி பக்கத்தில் இரும்பைக் கொண்டு போகாதே என்று எத்தனை பிள்ளைகளின் விரலில் பிரம்பால் தட்டியிருக்கிறேன்! காலையிலிருந்து ஒரு மூட்டை இரும்பின் மேல் அதை வைத்துக்கொண்டு வடக்கு வடக்கு என்று கத்தியிருக்கிறேன்.

ஓமார் மலாயில் ஏதோ சொன்னார். சபாபதியின் முகம் விழுந்துவிட்டது.

"என்ன சொல்கிறார்?"

"நம்ம வந்தது பூரா மேக்கேதானாம். ரோட்டுல வந்திருந்தா இந்நேரம் போய்ச் சேந்திருக்கலாமாம். ரோட்ட விட்டுட்டு அதே தெசையில மணல்ல வந்திருக்கோமாம்."

"முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேளுங்கள்!"

கேட்டார். ஓமார் பதில் சொன்னார். சபாபதி என்னைப் பார்க்காமல் மொழிபெயர்த்தார். "படிச்சவங்க கையில மெஷின் வெச்சுக்கிட்டுச் சொல்றப்ப நான் யாருன்னு கேக்கறான்."

சபாபதி மணலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "காலையிலேருந்து சூலத்து மேலயே ஏறி உக்காந்து வந்திருக்கோம் வாத்தியாரய்யா. வண்டி எறங்காம என்ன பண்ணும்?"

வண்டி இறங்கித்தானே இருந்தது.

*

எங்களை மீட்டவர்கள் சீனப் பெண்கள் ஆறு பேர். இடுப்பளவு தண்ணீரில் நின்று மரத்தட்டில் மண்ணை அலசி, இயந்திரம் விட்டுப்போன ஈயத்தைப் பொறுக்குகிறவர்கள். குடை அளவு தொப்பி, அதன் மேல் நீலத் துணி. மூத்தவள் எங்களைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு மலாயில் கேட்டதைச் சபாபதி இப்படிச் சொன்னார்: "ஈயம் தேடி வந்தீங்களா, இல்ல மோட்டாரப் பொதைக்க வந்தீங்களான்னு கேக்குது."

பலகை கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார்கள். தள்ளும்போது என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். நான் தள்ளினால் கனம் கூடுகிறதாம். வண்டி மேலே வர மாலையாகிவிட்டது. அதற்கு மேல் தடம் தெரியாமல் போகக்கூடாது என்று தங்கள் கொட்டகைக்கு அழைத்துப் போனார்கள்.

கஞ்சி கொடுத்தார்கள். நம் ஊர்க் கஞ்சியைவிட நீர்த்தது. தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய முள்ளங்கி. "இதில் மீன் இருக்கிறதா?" என்று சபாபதி மூலம் மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அந்த மூத்தவள் என் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்து, தேடுவது போலக் கரண்டியால் துழாவி, "மன்னிக்கவும், இன்று அவர் வரவில்லை," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பசி தாங்காமல் இரண்டாவது கிண்ணம் வாங்கிக்கொண்டேன்.

சாலை இருக்க இந்த வழியாக ஏன் வந்தீர்கள் என்று அவள் கேட்டாள். சபாபதி சூலத்தைப் பற்றி மலாயில் நெடுநேரம் விளக்கினார். அவள் சிரிக்கப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சிவப்பு அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்தாள். சீனர்களின் பஞ்சாங்கம். இருவரும் விளக்கருகே இரண்டு புத்தகங்களையும் விரித்து வைத்துக்கொண்டு, ஒருவர் எழுத்து ஒருவருக்குத் தெரியாமல், விரலால் நாள்களைச் சுட்டிக்காட்டிக்கொண்டார்கள்.

"அவங்களுக்கும் தெசை உண்டாம், நாள் உண்டாம்," என்றார் சபாபதி பூரிப்பாக.

"அப்படிப்பட்ட நாளில் அவர்கள் எந்தப் பரிகாரம் செய்வார்களாம்?"

கேட்டார். பதிலைக் கேட்டுத் தம் பஞ்சாங்கத்தை மூடினார். "வீட்ட விட்டே கெளம்ப மாட்டாங்களாம்."

*

திங்கட்கிழமை கிழக்குக்குத்தான் சூலம். நாங்கள் மேற்கே போனோம். திசைகாட்டி பெட்டிக்குள் போயிற்று. ஓமார் யாரையும் எதுவும் கேட்காமல் ஓட்டினார். பத்து மணிக்கெல்லாம் ரப்பர் தோட்டங்கள் வந்துவிட்டன.

நம் பக்கத்துத் தென்னந்தோப்பில் ஒவ்வொரு மரமும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இது யாருடைய மரம், எந்த வருடத்துப் புயலில் சாய்ந்தது என்று சொல்லிவிடலாம். ரப்பர் மரங்கள் பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளைகள் போல வரிசையாக நிற்கின்றன. ஒரு மணி நேரம் போனாலும் போன இடத்திலேயே இருப்பது போல் இருக்கிறது. புளித்த பால் வாடை. நடுவே வரிசை வீடுகள். அவற்றை லயம் என்கிறார்கள். லயத்து வாசலில் கோழி, முருங்கை, காயும் கண்டாங்கிச் சேலை. சட்டென்று தஞ்சாவூர் ஜில்லாவில் இறங்கிவிட்டது போல் ஆகும். அடுத்த வளைவில் மறுபடி பரீட்சை.

மாப்பிள்ளையின் வீடு பூட்டிக் கிடந்தது.

பக்கத்தில் ஓலைக் கொட்டகை ஒன்று. ரப்பர் பால் எடுக்கப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். கூரை வளையில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு தூளிகள். அஞ்சலை என்ற ஆயா ஒரே கயிற்றை எல்லாத் தூளிக்கும் கட்டி ஒரு காலால் இழுத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கால் நின்றது. பன்னிரண்டு குழந்தைகளும் ஒன்றாக அழுதன.

"அய்யய்யோ, நீங்கதான் கெராணி ஊட்டம்மாவோட அப்பாவா? அவுக ரெண்டு பேரும் உங்களத் தேடிக்கிட்டு ரவாங்குக்கில்ல போயிருக்காக!"

"எப்போது?"

"நேத்துக் காலையில. தோட்டத்து லோரியில. அந்தம்மா, 'எங்கப்பாவ நாந்தான் போயிப் பாப்பேன்'னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. நாங்கூடச் சொன்னேன், வயித்தையும் வெச்சுக்கிட்டு லோரியில என்னா ஆத்தான்னு. கேட்டாத்தானே!"

என் காதுக்குள் இயந்திரம் இரைவது போல இருந்தது. நான் மணலில் பாலைவனம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஏழு மாதக் கர்ப்பிணி லோரியில் ஏறி, நான் வந்திருக்க வேண்டிய நல்ல சாலையில் எனக்கு எதிரே போயிருக்கிறாள். அந்தச் சாலையில் வந்திருந்தால் வழியிலேயே சந்தித்திருப்போம்.

"திரும்ப எப்போது வருவார்கள்?"

"கெராணி சொல்லிட்டுத்தான் போனாரு. இந்தம்மாவத் தெக்கால இருக்கற டாக்டர்கிட்டக் காட்டிட்டுக் கோலசிலாங்கூரு வழியாத்தான் திரும்புவாகளாம். நீங்க அங்கிட்டுப் போயி நில்லுங்க சாமி. மறுக்கா ரவாங்குக்கு ஓடிறாதீக. அவுக இங்க வர, நீங்க அங்க போக, புள்ள ரோட்டுல பொறந்துறப் போவுது."

இவ்வளவு தெளிவான புத்திமதியை மலாய் நாட்டில் இறங்கியதிலிருந்து யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவள் மறுபடி காலை அசைத்தாள். அழுகை அடங்கியது.

*

கம்போங் குவாந்தான் என்ற கிராமத்தைத் தாண்டி, ஆற்றை ஒட்டிப் போய், மத்தியானம் கோலசிலாங்கூர் சேர்ந்தோம். ஊர் ஓரத்தில் ஒரு குன்று. அதன் மேல் பழைய கோட்டை. அங்கே நின்றால் ஆறு கடலில் விழுவதும், ஊருக்குள் வரும் சாலைகளும் தெரியும் என்று அடிவாரத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் சொன்னார். அவர் நாகூர்க்காரர், எல்லாரும் மரைக்காயர் என்றார்கள். நான் நாகப்பட்டினம் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தேங்காய்ப் பால் சோற்றை வாழையிலையில் வைத்துக் கொடுத்தார். அதன் மேல் பொரித்த நெத்திலி. ஒவ்வொன்றாக எடுத்து ஓமாரின் இலையில் போட்டேன். பதினேழு நெத்திலி. சோறு நன்றாக இருந்தது.

கோட்டை என்றால் நான் தரங்கம்பாடியைப் போல எதிர்பார்த்தேன். இங்கே இருப்பது செம்பாறைக் கற்களால் கட்டிய சுவர்த் துண்டுகள், பாசி, புல்லுக்குள் வாய் பிளந்து கிடக்கும் பீரங்கிகள். ராஜாக்களின் கல்லறைகள் ஒரு பக்கம். எத்தனையோ சண்டை நடந்த இடமாம். இப்போது அங்கே குடியிருப்பது குரங்குகள். சாம்பல் பூத்த கறுப்பு நிறம், தலையில் கூம்பு மயிர், சாது முகம். குட்டிகள் மட்டும் பழுத்த கமலா ஆரஞ்சு நிறம். கறுத்த தாய் மடியில் அப்படி ஒரு குட்டியை முதலில் பார்த்தபோது பழத்தைத்தான் அணைத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு பீரங்கி மேல் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புழுதி எழுந்தால் எழுந்து நிற்பேன். மாட்டுவண்டியாக இருக்கும். மறுபடி உட்கார்வேன். வியாழனுக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று மனத்துக்குள் கழித்தல் போட்டேன். துறைமுகத்துக்கு ஒரு நாள். சாமான் கட்ட அரை நாள். மிச்சம் ஒரே ஒரு நாள் என்று வந்தது. தப்பாகப் போட்டிருப்பேன் என்று மறுபடி போட்டேன்.

"நாளைக்குச் செவ்வா, வடக்க சூலம். நமக்கு அதுனால ஒண்ணும் இல்ல," என்று சபாபதி எனக்கு ஆறுதல் சொல்வதற்காகப் பஞ்சாங்கத்தை விரித்தார். அருகிலிருந்த குரங்கு ஒன்று, மிகவும் மரியாதையாக, அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டது.

சபாபதி துரத்தினார். குரங்கு மரத்தில் ஏறிற்று. குடும்பம் முழுவதும் கூடிவிட்டது. இலை தின்னும் ஜாதி. தாளும் ஒரு இலைதான் என்று நினைத்துக்கொண்டன போலிருக்கிறது. ஆடியையும் ஆவணியையும் ஒரு கிழம் மென்றது. ஆரஞ்சுக் குட்டி ஒன்றின் கைக்கு ஐப்பசி போயிற்று.

"அடேய், ஐப்பசிய விட்ருடா! இன்னும் பாதி மாசம் பாக்கி இருக்குடா!" என்று சபாபதி கீழே நின்று கெஞ்சினார். குட்டி ருசி பார்த்துவிட்டுத் துப்பியது. ஓமார் அன்றுதான் முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாலையில் மாட்டுவண்டிதான் வந்துகொண்டிருந்தது.

இருட்டுவதற்குள் மரைக்காயர் வந்து எங்களை இறக்கி, கடைக்குப் பின்னால் பாய் போட்டுக் கொடுத்தார்.

*

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மறுபடி பீரங்கிக்குப் போய்விட்டேன். எட்டு மணி இருக்கும். மரைக்காயர் மூச்சிரைக்கக் குன்றேறி வந்தார். அந்த உடம்போடு ஏறி வந்திருக்கிறார் என்றாலே நல்ல செய்தி இல்லை என்று தெரிந்துவிட்டது.

"வாத்தியாரே, பதறாதீங்க," என்றார். நான் பதறிவிட்டேன். "தெக்கு ரோட்டுல, ஜெராம் ஊருக்கு இங்கிட்டு, ஒரு லோரி வாய்க்கால்ல சாஞ்சு கெடக்குதாம். மீன் கொண்டாந்தவன் பாத்துட்டு வந்து சொல்றான். தோட்டத்து லோரியாம். கெராணி மாதிரி ஒருத்தரும் ஒரு பொம்பளயும் இருந்தாங்களாம்."

"பொம்பளைக்கு என்ன?"

"அவன் நின்னு பாக்கலயாம். மீன் கெட்டுப் போயிருமாம்."

குன்றிலிருந்து நான் எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. ஒரு செருப்பு எங்கேயோ போயிற்று. சபாபதி பின்னால் "வாத்தியாரய்யா, வளஞ்சு போங்க, வளஞ்சு போங்க" என்று கத்திக்கொண்டு வந்தது கேட்டது. எனக்குள் ஒரே யோசனைதான். என் மனைவிக்கு நான் என்ன எழுதுவேன்? இப்படி எழுதலாமா, அப்படி எழுதலாமா என்று ஓடிக்கொண்டே வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் புத்தி. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அடிவாரத்தில் ஓமார் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அது வழக்கம் போல உறும மறுத்தது. அந்த நேரத்தில் ஜெராம் சாலையிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. பிறகு லோரி வந்தது.

பெலாச்சான் ஏற்றிய லோரி. கூனி இறாலை உப்பிட்டு இடித்துப் புளிக்கவைத்துக் கட்டியாக்கிய சாமான். இங்கே அது இல்லாமல் குழம்பு இல்லை. மீன் பெயர் சொன்னாலே மூக்கை மூடும் என் வீட்டுப் பெண், அந்தக் கூடைகளின் நடுவே, டிரைவர் போட்டுக் கொடுத்த சாக்கின் மேல் சாய்ந்து உட்கார்ந்து, கொய்யாப் பழம் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை தலையிலிருந்து கால் வரை சேறு.

"அப்பா!" என்றாள். "என்னப்பா இது, ஒத்தச் செருப்போட? மூஞ்சியெல்லாம் மணலு?"

"அடி பட்டதா? வயிறு? எங்கே வலிக்கிறது?"

"ஒண்ணும் ஆகலப்பா. லோரி மெதுவாத்தான் சாஞ்சுது, எருமை படுக்கற மாதிரி. நான் எறங்கி நின்னுட்டேன். எனக்குக் கை கொடுக்கறேன்னு வந்து இவருதான் விழுந்தாரு."

மாப்பிள்ளை என்னை நமஸ்காரம் செய்ய முயன்றார். சேறு காய்ந்து இடுப்பு வளையவில்லை. மரைக்காயர் அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். சபாபதி, ரவாங்கில் என்னைக் காணாமல் அவர்கள் எப்படித் தவித்தார்கள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு எந்தத் திசையில் கிளம்பினார்கள் என்று விசாரிக்கப் பின்னாலேயே போனார்.

கமலத்தை நிழலில் ஒரு பலகையில் உட்கார வைத்தேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். கறுத்திருந்தாள், கன்னம் சதை வைத்திருந்தது. உடனே கப்பலைப் பற்றிப் பேசினேன்.

"வியாழக்கிழமை கப்பலம்மா. இன்றைக்கே சாமான் கட்டினால் பிடித்துவிடலாம். அம்மா எல்லாம் தயாராக..."

அவள் கொய்யாவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"நான் கப்பல் ஏற மாட்டேம்ப்பா. வந்தப்பவே ஏழு நாளும் செத்துப் பொழச்சேன். அத உங்களுக்கு எழுதல. இப்ப ஐப்பசி. நடுக்கடல்ல கப்பல நிறுத்தி, நூலேணியில எறங்கி, நாகப்பட்டினத்துல அந்தப் படகுல குதிக்கணும். இந்த வயித்தோட. ராத்திரியெல்லாம் அதே கனாத்தான் வருது. எனக்குப் பயமா இருக்கு. இங்க டாக்டர் இருக்காரு, அஞ்சலை இருக்கா. பிள்ள இங்கயே பொறக்கட்டும். இதச் சொல்லத்தான் ரவாங் வரைக்கும் ஓடுனேன்."

"ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே அம்மா. நான் இவ்வளவு தூரம்..."

"கடுதாசி போட்டா நீங்க அத அம்மாவுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டணும். அம்மா அழுவா. அவ அழுதா, நீங்க உடனே 'கிளம்பி வா'ன்னு பதில் எழுதுவீங்க. நேர்ல வரவெச்சா நீங்க மட்டும்தானே இருப்பீங்க." என் காதில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். "நான் சொல்லிட்டேன். இனிமே அம்மாகிட்டச் சொல்றது உங்க பாடு."